பதினாறு டிகிரி

தண்ணீரில் இறங்குவதற்கு முன் ரகுநாதன் வெப்பமானியைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் விட்டு இழுத்துப் பார்த்தான். பதினாறு டிகிரி காட்டியது.

"ஜூலையில இதே இடம் வெந்நீர் மாதிரி கொதிச்சுதேடா," என்றான் சேதுமாதவன்.

"அதான் இந்த ஊர்க் கடல். ஆழம் கிடையாது. சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். ரொம்ப நேரம் வேண்டாம், தோணியைப் பார்த்துட்டு ஏறிடுவோம்."

எழுபத்து நாலாம் வருஷத்து ஜனவரி அது. பக்ரீத் லீவு. சேதுமாதவனும் ரகுநாதனும் அபுதாபியின் மேற்கே, கப்பல்களுக்கு எண்ணெய் ஏற்றும் துறையில் என்ஜினீயர்கள். அங்கே குழாய் பழுது பார்க்க வரும் வெள்ளைக்காரர்களிடம் முக்குளிக்கப் பழகிக்கொண்டவர்கள். லீவுக்கென்று அபுதாபியிலிருந்து சேதுவின் மனைவி சுசீலாவும் நாலு வயது மகள் தாமரையும் வந்திருந்தார்கள். ருவைஸ் என்ற ஊரைத் தாண்டி ஆள் அரவமில்லாத ஒரு வளைகுடா. அங்கே மூழ்கிக் கிடக்கும் பழைய மரத்தோணி ஒன்றைப் பார்க்க வேண்டும், கரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட வேண்டும், இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்பது திட்டம்.

கம்பெனி லாண்ட் ரோவரை மணல்மேட்டின் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். தாமரை பின்சீட்டில் கம்பளிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சாவி வண்டியிலேயே தொங்கியது. அந்த வனாந்தரத்தில் வண்டிச் சாவியை உருவி வைத்துக்கொள்ள வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

தோணி அவர்கள் நினைத்ததைவிடத் தள்ளிக் கிடந்தது. சேதுவின் ரப்பர் உடை உடம்போடு ஒட்டியிருந்தது. ரகுநாதன் போட்டிருந்ததோ ஒரு தடித்த வெள்ளைக்காரனிடம் இரவல் வாங்கியது. கழுத்திலும் இடுப்பிலும் தொளதொளவென்று நின்றது. அசையும்போதெல்லாம் அதற்குள் புதுத் தண்ணீர் புகுந்து வெளியேறிக்கொண்டிருந்தது. உள்ளே போன தண்ணீர் உடம்புச் சூட்டில் கொஞ்சம் கதகதப்பாகி அங்கேயே நின்றால்தான் அந்த உடையால் பயன். இது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் இறங்கியிருந்தார்கள்.

தோணியின் வயிற்றுப் பக்கம் ரகுநாதன் தடுமாறுவதைச் சேது பார்த்தான். கைவிளக்கு அவன் கையிலிருந்து நழுவிக் கீழே போனது. அவன் அதை எடுக்கக் குனியவே இல்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டு மிதந்தான். சேது அவன் தோளைப் பிடித்து மேலே கொண்டு வந்தான்.

மேலே வந்து முக்குளிப்புக் கண்ணாடியைக் கழற்றியபோது ரகுநாதனின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"ரகு, எப்படி இருக்கு?"

"ந... நல்லா... கால் இல்லடா," என்றான். சொல் குழறியது.

காலில் சதை பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சேதுவுக்குப் புரிந்தது. தன் விரல்களும் மரக்கட்டையாகத்தான் இருந்தன. ரகுநாதன் எடைக்குக் கட்டியிருந்த ஈயப் பட்டையை அவிழ்த்துக் கடலில் விட்டான். காற்றுச் சிலிண்டரையும் கழற்றிவிட்டான். ஒரு கையை அவன் மோவாய்க்கு அடியில் கொடுத்து, கரையைப் பார்த்து நீந்தத் தொடங்கினான்.

அப்போதுதான் லாண்ட் ரோவர் நகர்ந்தது.

முதலில் கண் மயங்குகிறது என்று நினைத்தான். சுசீலாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவள் தண்ணீர் ஓரத்தில், இவர்களைத் தேடிக் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், மணல்மேட்டில், வண்டி பின்னால் போய், வளைந்து, பாதையில் ஏறியது. என்ஜின் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். அடுத்த கணம் புடவையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினாள். அவள் கத்தியது கடலுக்குக் கேட்கவில்லை. வாய் திறந்திருப்பது மட்டும் தெரிந்தது.

தாமரை வண்டிக்குள் இருக்கிறாள்.

சேது கத்தினான். உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போனது. தனியாக நீந்தினால் கரையை எட்டிவிடலாம். பாதை மேட்டைச் சுற்றி வளைந்து போகிறது. குறுக்கே ஓடினால் ஒருவேளை மறித்துவிடலாம். ரகுநாதனைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது. உடனே ரகுநாதனின் முகம் தண்ணீருக்குள் போனது. எந்தப் போராட்டமும் இல்லாமல், தூங்கப் போகிறவன் தலையணையில் முகம் புதைப்பதுபோல.

சேது மறுபடி அவன் மயிரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு, அழுதுகொண்டு, கெட்ட வார்த்தைகளால் அவனைத் திட்டிக்கொண்டே இழுத்தான். ஒவ்வொரு முறை தலை நிமிர்ந்தபோதும் வண்டி சின்னதாகியிருந்தது. பிறகு புழுதி மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. சுசீலாவும் இல்லை.

கரையில் எதுவுமே இல்லை. உடுப்பு, துண்டு, ஃபிளாஸ்க், கூடாரம் எல்லாம் வண்டியில். காற்று ஈர உடம்பில் கத்தியாக இறங்கியது. மணல் மட்டும் வெயிலில் காய்ந்து இளஞ்சூடாக இருந்தது. நடுங்கிக்கொண்டிருந்த ரகுநாதனை மேட்டின் மறைவுக்கு இழுத்துப் போய்ப் படுக்க வைத்து, கழுத்துவரை அந்த மணலை வாரி மூடினான்.

"நீ போ," என்றான் ரகுநாதன். "பாப்பா... போடா."

"தூங்கிடாதே. கேக்குதா? தூங்கிடாதே."

வெறுங்காலோடு டயர் தடத்தைப் பிடித்து ஓடினான். ஓடினான் என்று அவன் நினைத்துக்கொண்டான். கால்கள் நொண்டிக்கொண்டுதான் போயின. டயர் தடத்தின்மேல் சுசீலாவின் காலடிகள் அகல அகலமாக விழுந்திருந்தன. ஓரிடத்தில் அவள் செருப்பு இரண்டும் தனித்தனியாகக் கிடந்தன. யார் அவன்? எல்லைக்கு ஓட்டிப் போய் வண்டியை விற்கிறவனா? பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தானா? பார்த்துவிட்டு என்ன செய்வான்? வழியில் இறக்கிவிட்டால்கூட இந்த வெளியில் ஒரு குழந்தை எந்தப் பக்கம் நடக்கும்? நினைப்பை நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு புதரும் ஒரு சின்ன உடம்பாகத் தெரிந்தது.

பாதை இறங்கி சப்காவின் விளிம்பை ஒட்டிப் போனது. சப்கா என்பது உப்புப் பூத்த சேற்றுநிலம். மேலே ஓடு மாதிரி இறுகியிருக்கும், அடியில் கூழ். பாதை அதைச் சுற்றிக்கொண்டு போகும். ஆனால் சுசீலாவின் காலடிகள் பாதையை விட்டுச் சப்காவுக்குள் இறங்கியிருந்தன. சேது நிமிர்ந்து பார்த்தான். நடுச் சப்காவில் லாண்ட் ரோவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் மூக்கு கடலைப் பார்த்திருந்தது. ஓடியவன் எதற்குத் திரும்பினான் என்று அவனுக்கு விளங்கவில்லை.

உப்பு ஓடு உடைந்து பாதத்தைக் கீறியது. வண்டியை எட்டியபோது பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. கம்பளியும் இல்லை. வண்டியிலிருந்து ஓர் ஆணின் வெறுங்கால் தடம் கடல் பக்கமாகப் போயிருந்தது, ஆழமாக, கனமாக. குழந்தையின் காலடி ஒன்றுகூட இல்லை.

 சேது பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா!"

தாழ்ந்த மேடு ஒன்றின்மேல் சுசீலா நின்றிருந்தாள். அவள் இடுப்பில் கம்பளி சுற்றிய தாமரை. அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மனிதன், முழங்கால்வரை சேறு, கிழிந்த கம்பெனிச் சட்டை, கும்பிட்ட கை.

சேது குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேரே அவனிடம் போய் அறைந்தான். மரத்த கையால் அறைந்ததில் அவனுக்கே வலி தெரியவில்லை. மறுபடி கை ஓங்கியபோது அந்த ஆள் தமிழில் அழுதான்.

"அடிங்கய்யா. சத்தியமா புள்ள இருக்கறது தெரியாதுய்யா. போர்வன்னு நெனச்சேன். பாதிவழியில 'அம்மா, தண்ணி'ன்னு சத்தம். எனக்கு உசுரே போச்சு. சீக்கிரம் கொண்டாந்து விட்டுரலாம்னு குறுக்க திருப்புனேன், வண்டி பொதஞ்சு போச்சு. தோள்ல தூக்கிக்கிட்டு நடந்தேன். அம்மா எதுக்க வந்தாங்க."

"ஆமாங்க," என்றாள் சுசீலா. அவளுக்கு மூச்சு இரைத்தது. "குழந்தைக்கு ஒண்ணுமில்லை. ரகு எங்கே?"

அந்தப் பெயரைக் கேட்டதும் சேதுவின் ஓங்கிய கை இறங்கியது. "மணல்ல போட்டுட்டு வந்திருக்கேன். விறைச்சுப் போயிட்டான், சுசீ. வண்டி இல்லாம அவனைக் காப்பாத்த முடியாது."

நால்வரும் வண்டிக்குத் திரும்பினார்கள். அந்த ஆள் பெயர் கார்மேகம். ராமநாதபுரத்துக்காரன். பாலைவனத்துக்குள்ளே தோண்டும் சைட்டில் கான்ட்ராக்ட் வேலை. முதல் நாள் மேஸ்திரியோடு தகராறு. மண்வெட்டியைத் திருப்பி ஒரே அடி. மேஸ்திரி விழுந்தவர் அசையவில்லை. கார்மேகம் ஓடிவிட்டான். கத்தார் எல்லைவரை போய்விட்டால் போதும் என்று நடந்து வந்தவன் கண்ணில் சாவியோடு வண்டி பட்டது. சேற்றைக் கையால் வாரிக்கொண்டே இதையெல்லாம் சொன்னான். யாரும் கேட்கவில்லை. தானாகச் சொன்னான்.

டயருக்கு அடியில் தரைவிரிப்பைக் கொடுத்தார்கள், கூடாரத் துணியைக் கொடுத்தார்கள். சேது ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பார்த்தான். கிளட்சை மிதித்த கால் நடுங்கி நழுவியது. என்ஜின் அணைந்து அணைந்து போனது. இரண்டு முறை. மூன்றாம் முறை வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"நான் டம்பர் லாரி ஓட்டியிருக்கேன்யா," என்றான் கார்மேகம், தரையைப் பார்த்தபடி.

சேது அவனைப் பார்த்தான். இவன் கையில் மறுபடி வண்டியா? சேற்றை விட்டு ஏறியதும் ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டு போனால்? ரகு அங்கே செத்துப்போவான். தாங்கள் மூவரும் இந்த உப்புவெளியில் நிற்க வேண்டியதுதான். சூரியன் ஏற்கெனவே சாயத் தொடங்கியிருந்தது.

"அவரே ஓட்டட்டும்," என்றாள் சுசீலா.

"சுசீ, இவனைப் போய்..."

"வேற யாரு இருக்கா? நீங்க இறங்குங்க. நாம தள்ளலாம்."

தாமரையைச் சற்று எட்ட, கெட்டியான திட்டில் நிறுத்திவிட்டு, கணவனும் மனைவியும் வண்டியின் முதுகில் தோளைக் கொடுத்தார்கள். என்ஜின் உறுமியது. சேறு இருவர் முகத்திலும் வாரி அடித்தது. வண்டி முக்கியது, பின்னுக்குச் சரிந்தது, மறுபடி முக்கியது, சட்டென்று விடுபட்டுப் பாய்ந்தது. சேது குப்புற விழுந்தான். தலையைத் தூக்கியபோது வண்டி போய்க்கொண்டிருந்தது.

அது நிற்கவில்லை. சப்காவைத் தாண்டியது. பாதையில் ஏறியது. அப்போதும் நிற்கவில்லை.

"போயிட்டான்," என்றான் சேது. "நான் சொன்னேனே. போயிட்டான்."

 சுசீலா சேற்றுக் கையால் குழந்தையை அள்ளி எடுத்தாள். 

வண்டி பாதையில் கெட்டியான இடமாகப் பார்த்து வளைந்து, கடல் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றது. கார்மேகம் கதவைத் திறந்து வெளியே பாதி உடம்பை நீட்டினான். "மெது மண்ணுல நிப்பாட்டுனா திரும்பப் பொதஞ்சுரும்யா! வாங்க!"

ரகுநாதன் அதே இடத்தில் கிடந்தான். இப்போது நடுக்கம் நின்றுபோயிருந்தது. முதலில் அது நல்லதென்று பட்டது சேதுவுக்கு. பிறகு, முக்குளிக்கும் வெள்ளைக்காரன் ஒருவன் எச்சரித்தது ஞாபகம் வந்தது. நடுங்குகிறவன் இன்னும் போராடுகிறான். நடுக்கம் விட்டுப்போனால்தான் ஆபத்து. கன்னத்தில் தட்டினான். கண் பாதி திறந்து மூடியது.

ரப்பர் உடையைக் கத்தியால் கிழித்து எடுத்தார்கள். கம்பளியில் சுற்றினார்கள். சேது வண்டியை ஓட்டவில்லை, அவனால் முடியவில்லை. கார்மேகம்தான் ஓட்டினான். பின்னால் சுசீலா ரகுநாதனின் தலையை மடியில் தாங்கி, ஃபிளாஸ்க் டீயைச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டாள். சேது அவன் மார்போடு தன் மார்பைச் சேர்த்து அணைத்துக்கொண்டு கிடந்தான். "மாமா ஏன் பேச மாட்டேங்கறார்?" என்று தாமரை திரும்பத் திரும்பக் கேட்டாள். தார்ச்சாலையைத் தொடும்போது ரகுநாதனுக்கு மறுபடி நடுக்கம் வந்தது. பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. சுசீலா அதைக் கேட்டு வாய்விட்டு அழுதாள்.

துறையின் விளக்குகள் தெரிந்தன. வாசலில் போலீஸ் சாவடி. கொஞ்ச தூரத்துக்கு முன்பே கார்மேகம் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 

"இறங்கிக்கோ," என்றான் சேது. "இனி நான் பார்த்துக்கறேன்."

சுசீலா புளியோதரைத் தூக்கையும் தண்ணீர்க் கேனையும் ஜன்னல் வழியாக நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு தாமரையை ஒருமுறை பார்த்தான். பிறகு சாலையை விட்டிறங்கி மேற்கே நடந்தான்.

ரகுநாதன் பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு டியூட்டிக்குத் திரும்பினான். வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது, அதனால் தாமதம் என்று சேது கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தான்.

லீவு முடிந்து சுசீலா கிளம்ப வேண்டிய நாளில் சேதுவின் குவார்ட்டர்ஸுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். பாகிஸ்தானி, மரியாதையான மனிதர். கதவோரத்திலேயே நின்றுகொண்டு இந்தியில் பேசினார். சைட்டிலிருந்து ஓர் இந்தியக் கூலி ஓடிப்போயிருக்கிறான். நீங்கள் பெருநாள் அன்று அந்தப் பக்கம் போயிருந்தீர்களாமே, யாரையாவது பார்த்தீர்களா?

 தாமரை சேதுவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நாலு வயதுக் குழந்தை. வாயைத் திறந்தால் என்ன சொல்வாளோ? அவளைத் தூக்கி முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டான்.

"இல்லை பாய். யாரையும் பார்க்கலை."

"அச்சா," என்றார் போலீஸ்காரர். போகத் திரும்பியவர், தானாகவே சிரித்துக்கொண்டு சொன்னார். "பைத்தியக்காரன். கொலை பண்ணிட்டோம்னு நினைச்சு ஓடியிருப்பான். அந்த மேஸ்திரிக்கு மண்டையில நாலு தையல், அவ்வளவுதான். மறுநாளே வேலைக்கு வந்துட்டான். புகார்கூட வேண்டாம்னுட்டான்."

கதவைச் சாத்திவிட்டுச் சேது அங்கேயே நின்றான். சமையலறை வாசலில் சுசீலா. அவளும் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"மேற்கே எவ்வளவு தூரம் போயிருப்பான்?" என்று கேட்டாள்.

அன்று மதியமே இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு, எல்லைச் சாலையில் போக முடிந்த மட்டும் போய்ப் பார்த்தார்கள். பின்சீட்டில் தாமரை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே வந்த லாரிக்காரர்களை நிறுத்தி நிறுத்தி விசாரித்தார்கள். அப்படி ஓர் ஆளை யாரும் பார்த்திருக்கவில்லை.