கிடை போட்ட நிலம்

ஜெயம் அந்த நிலத்தைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாள். கம்பெனிக்காரனையும் சர்க்காரையும் பிறகு திட்டிக்கொள்ளலாம், முதலில் இதைச் சொல்லியாக வேண்டும்.

பிள்ளைப்பாக்கத்தில் அவளுக்கும் புருஷன் பச்சையப்பனுக்கும் முக்கால் ஏக்கர் நெல் நிலம். கிணறு வற்றியதும் அவன் ஊர் எல்லையிலிருந்த கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனான், அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் போனாள். இரண்டு வருஷம் உழைத்துப் போர்வெல் போட்டுவிட்டால் மறுபடி நாற்று விடலாம். அதுவரை மண் சத்தோடு கிடக்கட்டும் என்று, சித்திரையில் ஆட்டு மந்தையோடு வந்த திருமலையை மூன்று ராத்திரி வயலில் கிடை போடச் சொன்னாள். ஆடு படுத்த நிலத்துக்குப் புழுக்கைதான் எரு, ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

திருமலை எதையும் மறைக்கவில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் கம்பெனிச் சுவருக்குள் போய்விட்டது, வேலிகாத்தான் காயைத் தின்றுதான் ஆடுகள் உயிரோடிருக்கின்றன என்றான். சீமைக்கருவேலம் என்கிறார்களே, அந்த முள்மரம்தான். எதைத் தின்றால் என்ன, புழுக்கை புழுக்கைதானே என்று ஜெயம் சிரித்தாள். காய் செரிக்கும், கொட்டை செரிக்காது என்பது பாவி மகள் புத்தியில் ஏறவில்லை.

ஒரு மழைதான் பெய்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து பார்த்தவளுக்கு நிலம் பச்சையாகத்தான் தெரிந்தது. நெல்லுக்கென்று போட்ட எருவை முள் தின்று வளர்ந்தது. இரண்டு வருஷத்தில் ஆளுயரம் தாண்டிவிட்டது. அதன் அடியில் கோரைகூட முளைக்கவில்லை, காட்டுப்பன்றி வந்து குட்டி போட்டது. வெட்டினால் வெட்டிய இடத்தில் நாலாகத் துளிர்த்தது.

அந்த நேரம் பார்த்து நிலமெடுப்பு நோட்டீஸ் வந்தது. விளைகிற நிலத்தை விட்டுவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. ஜெயம் மனு கொடுத்து, அலைந்து, அதிகாரியை வயலுக்கே வரவழைத்தாள். அவர் வரப்பில் நின்று போனில் நாலு போட்டோ எடுத்தார்.

"இதாம்மா நெல்லு வெளையிற நெலம்?"

"வெளஞ்சது சார். சத்துக்குன்னு கெட போட்டேன், அதான்..."

எருப் போட்டுக் கெடுத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வாள்? தரிசு, முட்காடு என்று எழுதிக்கொண்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

புழுதி அடங்குவதற்குள் திருமலையின் மந்தை வந்து சேர்ந்தது. ஆடுகள் பின்னங்காலில் எழும்பிக் காய்க்கு எக்கின. உள்ளே விடலாமா அக்கா என்று அவன் தயங்கிக் கேட்டான். காறித் துப்பலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. துப்பவில்லை. முள் கையைக் கிழிக்கக் கிழிக்கக் கிளையைப் பிடித்து உலுக்கினாள், காய்கள் பொலபொலவென்று கொட்டின.

"வயிறு முட்ட துன்னட்டும். துன்னதும் அந்தக் கம்பெனிக்குள்ள புல்லு வளத்து வெச்சிகீறானுங்க பாரு, அங்க ஓட்டிக்கினு போயி மூணு ராத்திரி மடக்கு," என்றாள். "கேட்டுல எங்க வூட்டுக்காரருதான் நிக்கிறாரு. கண்ண மூடிக்கச் சொல்றேன்."