மிச்சம் பிடித்த பெட்ரோல்

ஜோசப்பினின் டாக்ஸி புறப்பட்டால் செண்பகனூரே காதைப் பொத்திக்கொண்டது. சவாரி தரும் ஓட்டல் மானேஜர், "நாளைக்கும் இப்படிக் கத்துச்சுன்னா வேற டாக்ஸி வச்சுக்கிருவேன்" என்று சொல்லிவிட்டார். மெக்கானிக், சைலன்சரையே மாற்றச் சொன்னார்.

"மாத்த மாட்டேன். ஓட்டை எங்கன்னு நானே பாக்குறேன்."

ஜோசப்பின் என்ஜினை ஓடவிட்டு, புகைக்குழாய் வாயை ஈரச்சாக்கால் ஒரு நொடி அடைத்தாள். சைலன்சர் மூட்டு 'புஸ்' என்றது; உள்ளிருந்து வெடித்ததுபோல் அங்கே ஒரு விரிசல் வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தது. வண்டி ஓட்டும் தம்பி அடைக்கலராஜைப் பிடித்தாள்.

"ஏலே, இறக்கத்துல சாவிய ஆஃப் பண்ணி உருட்டுனியா?"

"பெட்ரோல் மிச்சம் பிடிச்சேன்க்கா."

"திரும்ப ஆன் பண்ணுறப்ப டொப்புனு வெடிச்சுச்சா?"

"ஆமா. டூரிஸ்டெல்லாம் கைதட்டுனாங்க."

"நீ மிச்சம் பிடிச்ச பெட்ரோல்தான் எரியாம சைலன்சருக்குள்ள போய் வெடிச்சு இதக் கிழிச்சிருக்கு!"

குழாய் ஆறியதும் பால்பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி விரிசலில் சுற்றி, கம்பியால் முறுக்கினாள்.

மறுநாள் வெள்ளனே ஓட்டலுக்குத் தம்பியோடு அவளும் கூடப் போனாள். வண்டி வந்து நின்றது தெரியாமல் மானேஜர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜோசப்பின் எட்டி ஹார்னை நீளமாக அமுக்கினாள். அவர் துள்ளி எழுந்தார்.

"என்ன சத்தம் அது?"

"ஹார்னுங்க. சைலன்சர் சத்தந்தான் வேணும்னா வேற டாக்ஸியக் கூப்பிட்டுக்கங்க."