ஆள் மாற்றும் பட்டன்

வீட்டில், அம்பெறிந்து ஆடும் டார்ட்ஸ் இயந்திரத்தின் முன் எனக்கு எதிராளி என் கணவர்தான். ஒருவர் எறிந்து முடித்ததும் புள்ளிக் கணக்கை அடுத்த ஆளுக்கு மாற்றும் பட்டனை எப்போதும் அவரே அழுத்துவார். நான் கை வைத்தால், "நீ எறிம்மா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று தட்டிவிடுவார். யார் முறை என்று திரையைப் பார்க்கும் பழக்கமே எனக்கு வராமல் போயிற்று.

சர்வதேச இறுதி ஆட்டம். ஜெயிக்க இருவருக்குமே நடுப்புள்ளி ஒன்றுதான் பாக்கி. எதிராளிப் பெண் மூன்று அம்பையும் கோட்டைவிட்டாள். அவற்றைப் பிடுங்கிக்கொண்டு, பட்டனை அழுத்தாமலே திரும்பினாள். நான் எறிந்தேன். அம்பு நேராக நடுப்புள்ளியில் போய்ச் செருகிக்கொண்டது. இயந்திரம் விளக்கெல்லாம் எரியவிட்டுக் கூவிக் கொண்டாடி, அவள் பெயரைக் காட்டியது.

"அவங்கதானே அழுத்தியிருக்கணும்?" என்று கத்தினேன்.

"எறியறவங்கதான் திரையைப் பாத்துட்டு எறியணும். விதி அப்படி" என்றார் நடுவர்.

முன்வரிசையில் என் கணவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் இல்லேன்னா இவளுக்கு ஒரு பட்டன்கூட அமுக்கத் தெரியாதுங்க."

என் கையில் இன்னும் இரண்டு அம்புகள் இருந்தன. இரண்டுக்கும் பாழாய்ப்போன பிளாஸ்டிக் முனை.