சூடு ஆறும்வரை

பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி குப்பென்று கிளம்பியதும் பாண்டிராஜ் காரை ஓரங்கட்டினான். பின்சீட்டில் இருந்த அவன் அம்மா மாடத்தி, மடியில் கிடந்த புருஷனின் தலை நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெள்ளைத்துரைக்கு மூச்சு நின்று கொஞ்ச நேரமாகியிருந்தது. விருதுநகர் தாண்டியதும் ஒரு நீண்ட மூச்சு விட்டார். அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். ஆமத்தூரும் போய்விட்டது, மூச்சு வரவில்லை.

மகனிடம் அவள் அதைச் சொல்லவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்து, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னதிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம்தான். வெம்பக்கோட்டைப் பக்கம் அவர்கள் ஊரில், வெளியே உயிர் போனவருக்கு வீட்டுக்குள் இடமில்லை. தெருவில் கிடத்தி, தெருவிலேயே குளிப்பாட்டி, அப்படியே எடுத்துவிடுவார்கள். அது அவர் கட்டின வீடு. ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப் பார்த்து வாங்கின மனுஷனை வாசலோடு அனுப்ப அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஆம்புலன்ஸைக் கண்டாலே பிணம் வருகிறது என்று ஊர் முடிவுகட்டிவிடும் என்றுதான் அவரைச் சொந்தக் காரில் ஏற்றியிருந்தாள்.

வாடகைக்கு அவர் ஓட்டிய கார். கட்டின பெண்டாட்டியிடம் பேசியதைவிட அதனிடம் அவர் பேசியது அதிகம். விடிந்ததும் பானட்டைத் தூக்கி, "என்ன, தண்ணி கேக்குதா?" என்று விசாரித்த பிறகுதான் காப்பி. அவர் படுத்ததும் அந்த ரேடியேட்டரைக் கேட்பதற்கு நாதியில்லை. அடியில் அரித்துவிட்டது, புதிது மாற்றியே ஆகவேண்டும் என்று சிவகாசி மெக்கானிக் சொன்னான். தீபாவளி சீசன் முடியட்டும் என்று பாண்டிராஜ், அம்மாவிடம் மஞ்சள்தூள் வாங்கி ஒரு கை அள்ளி உள்ளே போட்டான். தூள் போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம். அடைத்துக்கொண்டுதான் இருந்தது, இன்று மதியம்வரை.

காருக்குள் மஞ்சள் வேகிற வாடை வந்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வெறும் கரிசல். தூரத்தில் கம்பிவேலிக்குள் பட்டாசு கம்பெனி ஷெட்டுகள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் கிடந்தன. ஒரு காக்கை குருவிச் சத்தம்கூட இல்லை.

பாண்டிராஜ் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் தொடப்போனவன், சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"சரிப்பா," என்றான். "தெறக்கல."

மாடத்தி மடியில் இருந்த முகத்தைக் குனிந்து பார்த்தாள். பாதி மூடிய கண், லேசாகப் பிளந்த வாய். அவள் காதில் எதுவும் விழவில்லை.

"ரேடியேட்டர் ஓஸ் இன்னும் கொதிக்குப்பா... ம். கை பொறுக்குற அளவுக்கு ஆறட்டும். ம்... ம். அவசரப்படல."

யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லக் கேட்கிற பிள்ளைபோல அவன் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். மாடத்தி பயத்தில் புருஷனின் கையைப் பிடித்தாள். விரல் நுனியிலிருந்து சூடு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவள் கைதான் சில்லிட்டது.

பாண்டிராஜ் ஜன்னலருகே வந்தான். பல நாளாக இருண்டு கிடந்த முகம் தெளிந்திருந்தது.

"அப்பா முழிச்சுக்கிட்டாரும்மா. கொரல் முன்ன மாரி கணீர்னு இருக்கு. ஒனக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சுலே," என்றாள்.

"தண்ணிக்கு எங்கயும் அலைய வேண்டாங்காரு. ஒங்கிட்ட ஒரு பாட்டில் இருக்காமே? காலுக்கடியில, துணிப்பைக்குள்ள?"

ஊர்க் குழாய்த் தண்ணீர் அது. கடைசி வாய்க்கு என்று கொண்டுபோயிருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஒருவரைத் தவிர. அவருக்கு இனிமேல் எதுவும் காதில் விழாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதும், அவர் காதோடு வாயை வைத்துச் சொன்னாள்: "நம்ம ஊர்த் தண்ணி கொண்டாந்திருக்கேன். வீட்டுக்குப் போயி நானே ஒங்க வாயில ஊத்துதேன். அதுக்குள்ள எங்கிட்ட ஒரு வார்த்த பேசிருங்க."

கேட்டிருக்கிறது அவருக்கு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகனிடம் பேசியிருக்கிறார். பயம் போன இடத்தில் அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"ஒங்க வாய்க்குன்னு வச்சது," என்று மடியைப் பார்த்து முனகினாள்.

"மொதல்ல வண்டி குடிக்கட்டுங்காரும்மா," என்றான் பாண்டிராஜ்.

அவள் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவன் மூடியை மெல்லத் தளர்த்தி ஆவியை விட்டான். இஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். நடுவே ஒருமுறை நிமிர்ந்து, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டான்.

"வீடு போற வரைக்கும் அணைக்கக் கூடாதாம்," என்று சொல்லி வண்டியில் ஏறினான்.

வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருந்தது. வெள்ளைத்துரையின் தம்பி சிவபாண்டி கார்க் கதவைத் திறந்து, அண்ணன் பாதத்தைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை.

"மதினி, காலு சில்லுன்னு இருக்கே."

வழி நெடுக மாடத்தி எத்தனையோ பொய்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அதில் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மகன் முந்திக்கொண்டான்.

"இப்பத்தான் பேசுனாரு சித்தப்பா," என்றான் பாண்டிராஜ். "ஆமத்தூர் தாண்டி வண்டி கொதிச்சு நின்னுபோச்சு. அவரு சொல்லித்தான் சரிபண்ணிக் கொண்டாந்தேன்."

அவன் பொய் சொல்லத் தெரியாதவன் என்பது ஊருக்கே தெரியும். சிவபாண்டி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

"உள்ள தூக்குங்கப்பா."

நடுவீட்டில் கிடத்திப் பால் ஊற்றினார்கள். பால் உள்ளே இறங்காமல் கன்னத்தில் வழிந்தது. சிவபாண்டி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். மாடத்தி அழவில்லை. குனிந்து தன் காதை அவர் வாயோடு வைத்தாள். மயங்கிவிட்டாள் என்று நினைத்து அவளைத் தூக்க வந்தார்கள்.

"கொஞ்சம் சத்தம் போடாதீக," என்றாள்.

அழுகை ஒவ்வொன்றாக அடங்கியது. வாசலில் கார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏலே பாண்டி, அத அணை," என்றாள், வைத்த காதை எடுக்காமல்.

பாண்டிராஜ் போய்ச் சாவியைத் திருகினான்.