மூன்றாவது அலசல்

டாக்டர் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் தேய்ப்புக்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார். போன வாரத்துத் தாள். அரை மணி நேரமாக ஒரே பக்கம். இடுப்பில் அரிப்பெடுக்கும்போதெல்லாம் ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பெல்ட்டைச் சரிசெய்கிறவர்போல் சொறிந்துகொண்டார்.

"அண்ணே, கொஞ்சம் திருப்புங்க. பின்பக்கத்த நான் ரெண்டு தரம் படிச்சிட்டேன்."

தாளைத் தாழ்த்தினார். எதிர்ப் பெஞ்சில் நுரை. அவர் வேலை பார்க்கும் பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் மெஷின் ஓட்டுகிறவன். அங்கே யாரும் அவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"நீ எங்கடா இங்க?"

"சர்க்கரை பாக்க வந்தேன். நீங்க?"

"எனக்கும் சர்க்கரைதான்."

கதவின்மேல் 'தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார்கள்.

சற்று நேரத்தில் துணி மடிக்கும் அக்கா வந்தாள். அவள் எதையும் மறைக்கவில்லை. "என்ன, ரெண்டு பேருக்கும் சர்க்கரையா? எனக்கு இடுப்பச் சுத்தி அரிக்குதுப்பா. புருஷன் செத்துப் பதினோரு வருஷமாச்சு. எங்க போய் வாங்கிட்டு வந்தேன்னு அந்தாளு என்னைக் கேக்குறான்!"

அந்தாளு என்பது சூப்பர்வைசர். பல பேருக்கு இந்த அரிப்பு வந்ததும், மூன்று நாளைக்கு முன் சலவைக்கூடத்தில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து அரை மணி நேரம் பேசினார். அவர் தலைக்கு மேலே, போன மாதம் நிர்வாகம் கொடுத்த 'நீர் காத்த செம்மல்' சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. "இது உடம்பு வியாதி இல்ல, நடத்தை வியாதி. கண்ட எடத்துக்குப் போறவன் கண்டதையும் வாங்கிட்டு வருவான். திங்கக்கிழமைக்குள்ள ரத்தம் சுத்தம்னு டாக்டர் சீட்டு வேணும். சீட்டு இல்லாதவங்க கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்றார். எல்லாரும் முணுமுணுத்தார்கள். தேய்ப்புக்காரர் மட்டும் சட்டையை இடுப்புக்குக் கீழே இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

போன வருஷம் வெளியூர்க் கிளைக்கு ஒரு மாத வேலையாகப் போயிருந்தபோது, கூட இருந்தவர்கள் கேலி பண்ணியதற்காக ஒரு சாயங்காலம் ஓரிடத்துக்குப் போனார். ஒரே ஒரு தரம். தடிப்பு வந்ததிலிருந்து பத்து நாளாக, முதுகுவலி என்று சொல்லி வாசல் ஓரம் தனிப் பாயில் படுக்கிறார். சீட்டு கிடைக்காவிட்டால் வேலை போகும். வேலை ஏன் போயிற்று என்று வீட்டில் கேட்டால் பெண்டாட்டியும் போவாள்.

வாசலில் ஒருவர் வந்து நின்றார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கண்வரைக்கும் முகக்கவசம். பெஞ்சில் இருந்த மூவரையும் பார்த்ததும் சட்டென்று திரும்பினார்.

"பதினேழாம் நம்பர்!" என்று சீட்டுக் கொடுப்பவள் குரல் கொடுத்தாள். "அரிப்பு தாங்கலன்னு சொல்லிட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள்லாம் ஒழுங்கா வந்தீங்களான்னு பார்வையிட வந்தேன்."

"பார்வையிடக் கூட டோக்கன் போடுறாங்களா, சார்?" என்றான் நுரை.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தேய்ப்புக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சாயங்காலத்தைச் சொல்லிமுடித்தார். டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. "இந்தத் தடிப்பு அது இல்லீங்க. ஆனா தோல்ல ஒண்ணும் தெரியாமலும் அதெல்லாம் இருக்கும். அதனால ரத்தம் பாத்துடலாம். வந்தது நல்லது. இனிமே ஆணுறை இல்லாம எங்கயும் வேணாம்."

"இனிமே எங்கயுமே வேணாம், டாக்டரம்மா."

நான்கு பேரையும் பார்த்துமுடித்ததும் டாக்டரம்மா வெளியே வந்தார். "எல்லாருக்கும் பெல்ட் கட்டின மாதிரி ஒரே பட்டை. துணியில சோப்பு தங்கியிருக்கு. யார் துவைக்கிறது?"

"நாங்கதான்" என்றான் நுரை. "தங்க வர்றவங்க துணிக்கு மூணு அலசல். எங்க யூனிபாரத்துக்கு போன மாசத்துலேர்ந்து ஒண்ணு. தண்ணி மிச்சம் பண்ண சார் கண்டுபிடிச்சது. அதுக்குச் சான்றிதழ்கூட குடுத்திருக்காங்க."

"சாருக்கு எப்படி வந்துச்சு? அவர் யூனிபாரம் போடலையே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

சூப்பர்வைசர் மின்விசிறியைக் கவனமாகப் பார்வையிட்டார்.

நுரை தலையைச் சொறிந்தான். "தினம் எங்க துணியோட கோடு போட்ட டிராயர் ஒண்ணு வருங்க. யாருதுன்னு ரெண்டு வருஷமா தெரியல. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அக்கா சிரித்த சிரிப்பில் மருந்து கட்டுகிற நர்ஸ் வெளியே எட்டிப்பார்த்தாள்.

ரத்தம் எல்லாருக்கும் சுத்தம் என்று வந்தது. அன்றைக்கே தேய்ப்புக்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு நாள் அவள் சோற்றுத் தட்டை வாசல் ஓரப் பாயிலேயே வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் அவருடைய யூனிபாரத்தை வாளியில் போட்டு, மூன்று தண்ணீர் மாற்றி அலசி, கழுத்தை நெரிப்பதுபோல் பிழிந்து கொடியில் போட்டாள். "அந்தப் பாயச் சுருட்டுங்க. போக வர கால்ல மாட்டுது" என்றாள்.

சூப்பர்வைசர் ஊழியர்களின் சீட்டுகளை அறிவிப்புப் பலகையில் குத்தி, 'ஒழுக்க முகாம் வெற்றி' என்று மேலே எழுதிவைத்தார். எல்லாத் துணியையும் மூன்று முறை அலசச் சொல்லி டாக்டரம்மா எழுதிய கடிதம் மேசைக்குள் போயிற்று. "மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்" என்றார். அன்றிலிருந்து யூனிபாரங்கள் ஓட்டலில் ஒரு அலசலும் வீட்டில் மீதி அலசலுமாக வெளுத்தன.

ஒரு சாயங்காலம், வேலை முடிந்து ஈர யூனிபாரத்தைப் பையில் திணித்துக்கொண்டு தேய்ப்புக்காரரும் நுரையும் கிளம்பும்போது, நாலாம் மெஷின் அருகிலிருந்து அக்கா கத்தினாள். "ஏய், ஓடி வாங்க!"

வட்டக் கண்ணாடிக்குள், தங்க வந்தவர்களின் வெள்ளை விரிப்புகள் மூன்றாவது அலசலில் சுழன்றன. தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. விரிப்புகளுக்கு நடுவிலிருந்து கோடு போட்ட டிராயர் ஒன்று மேலே வந்து, கண்ணாடியில் அகலமாக ஒட்டி நின்று, மெல்லச் சரிந்து உள்ளே போனது.

"வணக்கம், சார்" என்று நுரை சல்யூட் அடித்தான்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே மூவரும் நடந்தார்கள். கேட் வரைக்கும் அவர்களுடைய பைகளிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.