செங்கல் மேல் சாத்திய மரம்

முசியே தெய்வசிகாமணி மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். காலையிலிருந்து நான் ஒரே திரைச்சீலையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன்.

"அத உட்ரு வசந்தா. அவரு வர்றதுக்குள்ள துணி நைஞ்சிபோயிடும்" என்றான் அண்ணன் பலராமன். கூடத்து மேசைக்கடியில் மல்லாந்து படுத்து, தேங்காய்நார்க் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"நீ கயித்தப் பாரு. அவரு கைய வச்சா மேச ஆடக் கூடாது."

"நீ ஆடாம நின்னா போதும். மேச ஆடாது."

நான் ஆடாமல் எப்படி நிற்பது? வீடு முசியேயுடையது; பிரெஞ்சுக்காரரிடம் உத்தியோகம் பார்த்தவரை ஐயா என்று சொல்லாமல் முசியே என்றுதான் கூப்பிடுவோம். கடற்கரைச் சாலை வடக்கே முடிந்து குப்பம் தொடங்குகிற இடத்தில், அலைச்சத்தம் சன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிற பழைய மாடிவீடு. அவர் சைகோனில் பிரெஞ்சு உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் பூட்டியே கிடந்தது. தை மாதம் சாவியை என் கையில் கொடுத்தபோது கூரையில் அரசங்கன்று முளைத்திருந்தது. "சரிபண்ணு. பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். பிடித்தால் வீடு என் தொழிலுக்கு, அவ்வளவுதான் பேச்சு. அவர் வேண்டாமென்றால் சிமெண்டு வியாபாரி முருகையன் வாசலில் தயாராக நிற்கிறார். மூட்டை அடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காதாம். ஆவணிக்குள் முசியே மகனோடு பிரான்சுக்குக் கப்பலேறுகிறார். அதற்குமுன் வீடு எனக்கா சிமெண்டுக்கா என்று தெரிந்துவிடும்.

எனக்கு இந்த வீடு இல்லையென்றால் தொழிலே இல்லை. பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷத்தில் எத்தனையோ துரைமார் குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டன. வாங்கிய நம் ஆட்களுக்கு அந்தப் பெரிய பெரிய அறைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. முப்பதடிக் கூடத்தில் ஒரு மூலையில் பாயை விரித்து, குடும்பமே ஒண்டிக்கொண்டிருந்தது. அங்கேதான் நான் நுழைந்தேன். எந்தச் சுவருக்கு என்ன நிறம், எந்த நாற்காலி எங்கே, வெயிலை எந்தத் துணியால் தடுப்பது. வாயால் சொன்னால் யாரும் நம்பவில்லை. இந்தக் கூடத்துக்கு அழைத்துவந்து உட்காரவைத்தால் நம்பினார்கள். போன மாதம் வந்த ஒரு வக்கீல் அம்மா எழுந்து போகவே இல்லை. மூன்றாவது காப்பிக்குப் பால் தீர்ந்துபோனது.

எல்லோரும் கைவைத்துப் பார்ப்பது மேசையைத்தான். பின்கட்டில் இருந்த மூன்று மரங்களில் செய்தது. பளுவில்லாத, வெளுத்த, கடல் நக்கி வழவழத்த மரங்கள். இரண்டை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் கிடத்திக் கயிற்றால் பிணைத்தோம். மூன்றாவதை அறுத்துக் கால்கள். மேலே, மூடிப்போன ஒரு பிரெஞ்சுக் கடையின் சன்னல் கண்ணாடி. மரங்களுக்கடியில் இருந்த செங்கற்களைக்கூட வீணாக்கவில்லை. சமையற்கட்டுக்குப் படியாக வைத்துவிட்டோம். பின்சுவர் இடிந்து ஆள் நுழைகிற சந்தாக இருந்ததையும் புதிதாக எழுப்பி அடைத்தாயிற்று.

ரிக்‌ஷா சத்தம் கேட்டது. முசியே வெள்ளைக் கால்சட்டையும் கைத்தடியுமாக உள்ளே வந்தார். சுவரைத் தடவினார். சன்னல் கதவைத் திறந்து மூடினார். மாடிக்கு ஏறினார். அவருடைய தடிச்சத்தம் தலைக்குமேல் அறை அறையாக நகர்ந்தது. நானும் பலராமனும் கீழே நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறங்கிவந்து மேசையருகே உட்கார்ந்தார். கண்ணாடிக்குக் கீழே கைவிட்டு மரத்தைத் தட்டினார்.

"இது எங்க புடிச்ச?"

"நம்ம ஊட்டுப் பின்கட்டுலயே கெடந்துது முசியே."

"என் வீட்டு மரமா?" முதல்முறையாகச் சிரித்தார். "த்ரே பியேன்! ரொம்ப நல்லாயிருக்கு. இத்தினி வருஷம் இங்க எலிதான் குடும்பம் நடத்திச்சி. நீ மனுசன் உக்கார்ற எடமா ஆக்கிட்ட. அஞ்சு வருஷத்துக்கு நீயே வச்சிக்க. முருகையங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. பலராமன் என் காலை மிதித்தான். அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது.

"ஊட்ல யாரும்மா?"

குப்பத்து ஆள் ஒருவர், ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. பின்னால் அவர் சம்சாரம், கையில் சுருட்டிய கயிறு.

"எம் பேரு அம்மாவாச. இவ கன்னியம்மா. காரக்கால்ல மச்சான்கூட மீன் புடிக்கப் போயிருந்தோம், நேத்துதான் திரும்புனோம். பின்னால சந்து வழியா வரலாம்னு பாத்தா செவுரு எழுப்பியிருக்கீங்க. அதான் முன்னால வந்தோம். எங்க மரம் மூணு உள்ள காயுது. எடுத்துக்குறோம்."

"எந்த மரம்?" என்றேன். எந்த மரமென்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கட்டுமரம்தான். கடல்ல கெடந்து கெடந்து தண்ணி குடிச்சி பளுவாப் போச்சி. அவுத்துக் காய உட்டாதான் திரும்ப மெதக்கும். இந்த ஊட்டு நெழல்ல தனித்தனியா சாத்தி வச்சா வெடிக்காம காயும். எப்பவும் இங்கதான் வப்போம்."

கடற்கரையில் தினமும் பார்க்கிற காட்சி. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகப் போடுவார்கள். மணலில் கிடந்தால் அது கட்டுமரம் என்று எனக்குத் தெரியும். பூட்டிய வீட்டுக்குள் நின்றால் அது வீட்டோடு வந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

கன்னியம்மாள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக வந்து குனிந்து, ஒரு காலைத் தொட்டாள்.

"இந்தா, இங்க வந்து பாரு. இது நடு மரத்து மூக்கு. தலகீழா நட்டு வச்சிருக்காங்க."

அம்மாவாசை குனிந்து பார்த்தார். அறுத்த ஓரத்தை விரலால் தடவினார்.

"அறுத்துட்டீங்களா?" என்றார். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்களுக்குத் தெரியாதுண்ணே" என்றான் பலராமன்.

"தெரியாதா? அறுக்குறப்ப கயிறு போன தழும்பு தெரிஞ்சிருக்குமே தம்பி? என்னான்னு நெனச்ச, மரத்துக்கு அம்ம போட்டுதுன்னா?" என்றாள் கன்னியம்மாள். "மலையாளத்துலேந்து வர்ற மரம். போற வர்ற எடத்துல கெடைக்கிற சாமானா இது? நாளான்னிக்கி கடலுக்குப் போவணும். இந்த நாலு துண்டுல ஏறி உக்காந்துனு போவச் சொல்றியா எம் புருசன?"

முசியே தடியைத் தரையில் தட்டினார்.

"அல்லோர்! போதும். யார் வீட்டுல வந்து யார் சத்தம் போடறது? என் காம்பவுண்டுக்குள்ள இருக்கிறது எல்லாம் என்னுது. உன்ன யாரு உள்ள வைக்கச் சொன்னது? போறியா, போலீசக் கூப்பிடவா?"

அம்மாவாசை நகரவில்லை. முசியே என் பக்கம் திரும்பினார்.

"வழக்கெல்லாம் எதுக்கு. நீயே சொல்லு. தை மாசம் நான் சாவி குடுத்தப்போ இந்த மரம் உள்ள இருந்துதா, இல்லியா? ஒரே வார்த்த. சொல்லிட்டா இவங்க போயிடுவாங்க. நாம நம்ம வேலயப் பாக்கலாம்."

பொய் சொல்லச் சொல்லவில்லை அவர். இருந்தது என்பது உண்மைதான். அந்த ஒரே வார்த்தையைச் சொன்னால் ஐந்து வருஷம் இந்தக் கூடம், இந்த வெளிச்சம், மாடியில் இன்னும் தொடாத இரண்டு அறைகள். பலராமன் என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தான். கன்னியம்மாள் என் வாயையே பார்த்தாள்.

"இருந்துது முசியே" என்றேன்.

அவர் தலையாட்டினார்.

"ஆனா கெடக்கல. சாத்தி வச்சிருந்துது. ஒவ்வொண்ணுக்கும் அடியில செங்கல்லு, மண்ணு ஈரம் ஏறாம. குப்பைக்கி யாரும் கல்லு வைக்க மாட்டாங்க. நான் அந்தக் கல்லயும் எடுத்துப் படி கட்டிக்கினேன். மரம் இவங்களுதுதான்."

முசியே மெதுவாக எழுந்தார். மேசைமேல் கழற்றி வைத்திருந்த தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"என் வீட்டுல நின்னுக்கிட்டு, என்னை வச்சிக்கிட்டே, எனக்கு எதிரா சாட்சி சொல்ற?"

"எதிரா இல்ல முசியே. வேணும்னா வேற மேச பண்ணி..."

"நாளைக்குச் சாவி முருகையங்கிட்ட இருக்கணும்."

படியிறங்கும்போது ஒரு தரம் நின்று, புதுச் சுண்ணாம்பு பூசிய தூணைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டார்.

பலராமன் மேசைக்கடியில் படுத்துக் காலையில் இறுக்கிய கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். முடிச்சு வரவில்லை. அம்மாவாசை அவனை இழுத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரே இழுப்பில் அவிழ்த்தார்.

"என்னா முடிச்சி இது? மாட்டுக்குப் போடறதா?"

கண்ணாடியை நானும் கன்னியம்மாளும் தூக்கிச் சுவரில் சாய்த்தோம். இரண்டு மரங்கள் முன்வாசல் வழியாக வெளியே போயின. நாலு துண்டுகள் கூடத்து நடுவில் நின்றன.

"கடலூர் தொறைமுகத்துல மரம் வந்து எறங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றான் பலராமன். "நான் அறுத்ததுக்கு நானே ஒண்ணு கொண்டாந்து தர்றேண்ணே. நாளைக்கே போறேன்."

"நீ தனியா போனா கட்டில் மரத்த வாங்கியாந்துருவ. நானும் வர்றேன்" என்றார் அம்மாவாசை. குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. "அதுவரிக்கும் பெரியப்பன் மரம் ஒண்ண கேட்டுக் கட்டிப் பாக்குறேன். தர்றாரோ, வாயில வர்றதச் சொல்லித் தொரத்துறாரோ."

நான் திரைச்சீலைகளைக் கழற்ற ஆரம்பித்தேன். நாற்காலிகள், துணிச்சுருள்கள், வண்ண டப்பாக்கள், ஆளுயரக் கண்ணாடி. முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு ஒற்றை அறை. நாளைக்குள் இவ்வளவையும் எங்கே கொண்டுபோவது?

"எல்லாத்தையும் எங்க கொண்டும்போவ?" கன்னியம்மாள் கேட்டாள்.

"தெரியலக்கா."

"எங்க ஊட்டுக் கொல்லயில கருவாட்டுக்கு மீன் ஒணத்துற கொட்டா ஒண்ணு சும்மா கெடக்கு. நாத்தம் அடிக்கும். சொல்லிட்டேன், அப்புறம் மூஞ்ச சுளிக்காத. உன் வக்கீலு அம்மாளுங்க அங்கல்லாம் வந்து காப்பி குடிக்க மாட்டாங்க."

"வர வப்பேன்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை. மேற்குப் பக்கம் தட்டியைத் தூக்கிக் கட்டினால் வெளிச்சம் வரும் என்று மட்டும் தோன்றியது.

அவள் நேராகச் சமையற்கட்டுக்குப் போனாள். ஒரு கடப்பாறையை எடுத்துப் படியை நெம்பி, செங்கற்களை ஒவ்வொன்றாக உருவினாள். சுண்ணாம்பைத் தட்டிவிட்டு மடியில் கட்டிக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளுடைய கல்தானே.

பொழுது சாயக் கொட்டகைக்கு மேசைக் கண்ணாடியைத் தூக்கிப்போனோம். நான் அதைத் தட்டியில் சாய்க்கப்போனேன்.

"இரு, இரு. மண்ணுலயா வப்ப?" என்று அதட்டினாள் கன்னியம்மாள். மடியை அவிழ்த்துச் செங்கற்களை வரிசையாக வைத்தாள். கண்ணாடியை அதன்மேல் ஏற்றிச் சாத்தினோம்.

"பயப்படாத" என்றாள். "நாங்க இத எடுத்துச் சன்னல் பண்ணிக்க மாட்டோம்."