முட்டி இடிக்கும் இடம்

பாப்பா குவளையால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும் மிஷினின் உள்ளே, அடியில் காபிக் கறையும் நுரையுமாகத் தேங்கிய தண்ணீர் குறைகிற வழியாக இல்லை. காலையில்தான் அம்மாவை எடுத்துப் போனார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் குடித்து வைத்த கோப்பைகளைப் போட்டு ஓடவிட்டால், மிஷின் எல்லாவற்றையும் கழுவிவிட்டு அழுக்குத் தண்ணீரை மட்டும் வெளியே விடமாட்டேன் என்று அடம்பிடித்தது.

வீட்டின் கடைக்குட்டி என்பதால் அவள் பாப்பா. கல்யாணம் செய்துகொள்ளாததால் நாற்பத்தொரு வயதிலும் பாப்பா.

ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. பின்பக்கம்தான் கோளாறு என்று மிஷினைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். ஒடுக்கமான சமையலறை. மிஷின் நகர்ந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கூடத்துப் பக்கம் போக வழியில்லாமல் அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள்.

எட்டிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. தண்ணீர் வெளியேறும் ஹோஸ் மடங்கி, சப்பையாக நசுங்கியிருந்தது. காலையில் ஸ்ட்ரெச்சர் சமையலறைப் பின்கதவு வழியாகப் போக இடம் போதவில்லை. அப்பாதான் "இருங்க, இருங்க" என்று ஓடிவந்து மிஷினை இடுப்பால் தள்ளிச் சுவரோடு ஒட்டினார். அம்மா இருந்தவரை அது சுவரைவிட்டுத் தள்ளித்தான் நிற்கும். போகிறவர் வருகிறவர் முட்டியெல்லாம் அதில் இடிக்கும். நகர்த்தினால் மட்டும் அம்மாவுக்குப் பொல்லாத கோபம் வரும். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அண்ணன் வந்து கடை மேசையில் சாய்கிற மாதிரி மிஷின்மேல் முழங்கையை ஊன்றினான்.

"பாப்பா, அப்பாவப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

"என்ன பேசினீங்க?"

"பேச என்ன இருக்கு? நீதான் இருக்கியே. எங்களுக்கு அந்தக் கவலையே இல்ல. அவருக்கும் நீ இல்லாட்டி கையும் ஓடாது, காலும் ஓடாது."

அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். படுத்தபடியே அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போ. யாரையும் கேக்காத. சொல்லிட்டுப் போ" என்றாள்.

"அண்ணா, நான்…"

"முதல்ல இதச் சரிபண்ணு. வந்தவங்களுக்குக் குடிக்கக் கொடுக்கக் கோப்பை இல்ல."

அவன் போய்விட்டான். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா மேலும் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். நினைத்த உடனே தன் மேலேயே அருவருப்பு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஹோஸை நீவி நிமிர்த்தி, பட்டனை அழுத்தினாள். தண்ணீர் கடகடவென்று போனது. கோப்பைகளைத் திரும்ப அடுக்கினாள்.

"சரியாயிடுச்சா?" வாசலில் அப்பா நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம்.

"ஆச்சுப்பா. ஆனா சுவரோட ஒட்டக் கூடாது. ஒட்டினா ஹோஸ் நசுங்கிடும்."

அப்பா எட்டி ஹோஸைப் பார்த்தார்.

"அதுக்குத்தான் கத்துவாளா?"

இருவருமாக அதைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்கள். அப்பா பக்கத்தில் நின்று முட்டியை மடக்கி வைத்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் முன்னால இழு. ஆங், போதும். இங்கதான் இடிக்கும்."

பிறகு குனிந்து பட்டன்களை ஆராய்ந்தார். "இதுல எத அழுத்தணும்?"

"நான் போட்டுக்கறேன்பா."

"இன்னிக்கு நீ போடுவ. அடுத்த மாசம்?"

அவள் நிமிர்ந்தாள். "அம்மா சொல்லிட்டாங்களா?"

"அவ வயித்துல எது தங்கியிருக்கு? அன்னிக்கே சொல்லிட்டா."

"நீங்க ஒண்ணுமே கேக்கலியே."

"நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார். அப்பாவின் விரல் ஒவ்வொரு பட்டனாகத் தடவிக்கொண்டு போய் ஒன்றில் நின்றது.

"நீ காட்டாத. தப்புன்னா மட்டும் சொல்லு."

அழுத்தினார். அடிப்பிடித்த பெரிய பாத்திரங்களுக்கான பட்டன் அது. வெறும் கோப்பைகளுக்காக நெடுநேரம் ஓடும். மிஷின் உறுமத் தொடங்கியது.

"சரிதானே?"

"சரிதான்பா."

அப்பா மிஷின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். "அண்ணன்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

கையைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். மிஷினின் மூலையில் முட்டி நங்கென்று இடித்தது.

"பாத்து" என்றார் அப்பா, அம்மாவைப் போலவே, இடித்த பிறகு.

தேய்த்துவிடக்கூட நிற்காமல் அவள் கூடத்துக்குப் போனாள்.